சங்குப்பூ: பெயர்கள், பொருள், அடுப்படிப் பயன்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மாடித் தோட்டத்தில் நீலப் பூக்கொடி ஒன்று கம்பி வலை முழுவதும் படர்ந்திருக்கிறது. நாற்றுப் பண்ணையில் அதை ‘அபராஜிதா’ என்று சொல்லிக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி ‘காக்கணம்’ என்கிறார். கைப்பேசியில் தேடினால் ‘சங்கபுஷ்பி’ என்றும் ‘விஷ்ணுகிராந்தி’ என்றும் வருகிறது. இவை எல்லாம் ஒன்றா, பூவைச் சாப்பிடலாமா, நீலத் தேநீர் குடித்தால் ஞாபகசக்தி கூடுமா, மருமகள் கர்ப்பமாக இருக்கிறாள், அவளுக்குக் கொடுக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

முதலில் நேரான பதில். நீங்கள் வர்ணித்த கொடி சங்குப்பூதான். அதன் பூவிதழைச் சாப்பிடலாம். தென்கிழக்கு ஆசியாவில் சோற்றிலும் பலகாரத்திலும் நெடுங்காலமாகச் சேர்த்து வருகிறார்கள். ஆனால் அங்கே அதைச் சேர்ப்பது நிறத்துக்காக. வேரும் விதையும் அடுப்படிக்கு உரியவை அல்ல, அவை பேதி மருந்துகள். ஞாபகசக்தியைப் பற்றிய பேச்சில் பாதி, வேறொரு செடியின் புகழ் இதன் தலையில் ஏறியதால் வந்தது. கர்ப்பமாக இருப்பவருக்கு வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

இனி பெயர்கள். இந்தக் கொடியைப் பொறுத்தவரை பெயரைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் வாயில் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

தமிழில் இதன் மிகப் பழைய பெயர் கருவிளை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொடுத்த பூக்களின் நீண்ட பட்டியலில் ‘செருவிளை மணிப்பூங் கருவிளை’ என்று இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. செருவிளை வெள்ளைப் பூ, கருவிளை நீலப் பூ. ‘மணிப்பூ’ என்பதில் உள்ள மணி நீலமணி. குறுந்தொகையின் 110ஆம் பாட்டு இன்னும் நுட்பமானது. வாடைக் காற்று புதரில் படர்ந்த கருவிளையை அசைக்கிறது. அந்தப் பூவுக்குக் கொடுக்கப்பட்ட அடை ‘பீலி ஒண்பொறி’, அதாவது மயிற்பீலியில் உள்ள ஒளிவிடும் கண். நாளைக் காலையில் ஒரு பூவை எடுத்து நேருக்கு நேர் பாருங்கள். சுற்றிலும் ஆழ்ந்த நீலம், நடுவில் வெளிறிய மஞ்சளும் வெள்ளையும் கலந்த திட்டு, அந்தத் திட்டின் விளிம்பில் நீலம் இன்னும் கருத்து நிற்கும். அந்த அடையைப் பூவைக் கையில் வைத்துப் பார்த்தவர்தான் எழுதியிருக்க முடியும். ஐங்குறுநூற்றிலும் ‘கண்ணெனக் கருவிளை மலர’ என்று வருகிறது. மழை ஓய்ந்து பனி தொடங்கும் பருவத்தில் பீர்க்கம் பூ பொன்னாகவும் கருவிளை கண்ணாகவும் பூக்கின்றன என்று அந்தப் பாட்டு போகும். இன்றும் நம் ஊர் வேலிகளில் ஐப்பசி, கார்த்திகையில் இக்கொடி செழித்துப் பூக்கிறது.

ஆண்டாளுக்கு இந்தப் பூவின் மேல் ஒரு கோபமே உண்டு. நாச்சியார் திருமொழியில் குயில், மயில், கருவிளை, களாக்கனி, காயாம்பூ ஆகிய ஐந்தையும் நிறுத்தி, ‘ஐம்பெரும் பாதகர்காள்’ என்று விளித்து, மாலிருஞ்சோலைப் பெருமானுடைய நிறம் உங்களுக்கு எதற்கு என்று கேட்கிறாள். திருமாலுக்கும் இந்த நீலத்துக்கும் உள்ள உறவு அப்போதே அவ்வளவு இறுகியிருக்கிறது. இன்று பெருமாள் கோயில்களில் நீலச் சங்குப்பூ மாலையும், சிவன் கோயில்களில் வெள்ளையும், சனி பகவானுக்கு மீண்டும் நீலமும் சாத்துகிறார்கள்.

காக்கணம் என்பது அடுத்த பெயர். சித்த மருத்துவ நூல்களிலும் நாட்டு மருந்துக் கடைகளிலும் இந்தப் பெயர்தான். காக்கணங்கொடி, காக்கட்டான் என்றும் சொல்வார்கள். இங்கேதான் முதல் கண்ணி இருக்கிறது. காக்கட்டான் என்ற பெயரைக் காலையில் மலர்ந்து வெயில் ஏறியதும் வாடும் புனல் வடிவ நீலப் பூக்கொடிக்கும் வழங்குகிறார்கள். அது தாளிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் விதை நாட்டு மருந்துக் கடையில் விற்கும் கடும் பேதி மருந்து. சங்குப்பூவோடு அதற்கு எந்த உறவும் இல்லை. அதன் பூவை யாரும் சமையலில் சேர்ப்பதில்லை, நீங்களும் சேர்க்காதீர்கள்.

சங்குப்பூ, சங்குபுஷ்பம் என்ற பெயர்கள் வடிவத்தால் வந்தவை. பாதி விரிந்த பூவைப் பக்கவாட்டில் பார்த்தால் சங்கின் வாய் போலச் சுருண்டிருக்கும். மராத்தியிலும் குஜராத்தியிலும் கோகர்ணம் என்கிறார்கள், பசுவின் காது. வங்காளத்தில் அபராஜிதா, ‘வெல்ல முடியாதவள்’. அது துர்க்கையின் பெயர். துர்கா பூஜையின் பத்தாம் நாளில் இந்தக் கொடியை வைத்து அபராஜிதா வழிபாடு நடக்கும். உங்கள் நாற்றுப் பண்ணைக்காரருக்கு அந்தப் பெயர் வட இந்திய விதை உறைகளிலிருந்து வந்திருக்கும். சிங்களத்தில் கட்டரொலு, மலாயில் புங்கா தெலாங், தாய்லாந்து மொழியில் தோக் அஞ்சன். இவை அனைத்தும் ஒரே கொடி.

தாவரவியல் பெயர் கிளிட்டோரியா டெர்னாட்டியா. 1753இல் லின்னேயஸ் பதிவு செய்தது. பின்பாதி, இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுக் கூட்டத்தில் கிராம்புக்குப் பெயர்போன டெர்னாத்தே என்ற சிறு தீவைக் குறிக்கிறது. ஐரோப்பியர் கையில் கிடைத்த மாதிரி அங்கிருந்து வந்தது என்பதற்காக. முன்பாதி பெண்ணுறுப்பின் ஒரு பகுதியின் கிரேக்கப் பெயர். பூவின் வடிவம்தான் காரணம். 19ஆம் நூற்றாண்டில் சில தாவரவியலாளர்கள் இந்தப் பெயர் அநாகரிகமானது என்று எதிர்த்தார்கள், மாற்றுப் பெயர்களும் முன்வைத்தார்கள். எதுவும் நிலைக்கவில்லை. அறிவியல் பெயரிடலில் முந்தியதே நிற்கும் என்பது விதி.

இப்போது நீங்கள் கேட்ட மற்ற இரண்டு பெயர்கள். விஷ்ணுகிராந்தி, தமிழில் விஷ்ணுகிரந்தி, தரையோடு படர்ந்து கிடக்கும் ஒரு சிறு பூண்டு. சட்டைப் பித்தான் அளவுகூட இல்லாத வட்ட நீலப் பூ பூக்கும். சங்குப்பூவுக்கும் வடமொழியில் அந்தப் பெயரை ஒரு மாற்றுப் பெயராக வழங்குவதால் குழப்பம். சங்கபுஷ்பி என்பது ஆயுர்வேதத்தில் புத்திக்கும் நினைவாற்றலுக்கும் சொல்லப்பட்ட மூலிகை. அது எந்தச் செடி என்பதில் வைத்தியர்களிடையே வெகுகாலமாகவே வேறுபாடு உண்டு. இந்திய ஆயுர்வேத மருந்தியல் ஏடு சொல்வது தாளிக் குடும்பத்தைச் சேர்ந்த, வட இந்திய வறண்ட நிலங்களில் தரையோடு படரும் ஒரு வெண்பூச் செடியை. சில இடங்களில் விஷ்ணுகிரந்தியையே சங்கபுஷ்பி என்று எடுக்கிறார்கள். கேரள வைத்திய மரபில்தான் நம் சங்குப்பூக் கொடியைச் சங்கபுஷ்பியாகக் கொள்கிறார்கள், அதிலும் வேரை. ஆகவே ‘ஞாபகசக்திக்கு ஆயுர்வேதம் போற்றும் பூ’ என்று நீலத் தேநீர்ப் பொட்டலத்தில் அச்சடித்திருந்தால், அந்த வாக்கியம் பல இடங்களில் வேறு செடியைப் பற்றியது, இல்லையென்றால் வேறு உறுப்பைப் பற்றியது. இதழ்களை வெந்நீரில் போட்டுக் குடிப்பதற்கும் அந்த வைத்திய மரபுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. பிள்ளைகளின் தேர்வு நேரத்தில் இதை விற்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பெயரை மட்டும் நம்பாமல் கொடியை நேரில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இலை ஒற்றை இலையாக இருக்காது. ஒரு காம்பில் ஐந்து அல்லது ஏழு சிற்றிலைகள், நுனியில் தனியாக ஒன்று. காய் பட்டையாக, விரல் நீளத்தில், பட்டாணிக் காயைத் தட்டையாக அழுத்தியது போல இருக்கும். பூ அவரைக் குடும்பத்துப் பூ. ஆனால் தலைகீழாக நிற்கும். அவரைப் பூவில் பெரிய இதழ் பின்னால் நிமிர்ந்து நிற்கும். சங்குப்பூவில் அந்தப் பெரிய இதழ் கீழே விரிந்து கிடக்கும், மகரந்தம் மேலே கவிந்திருக்கும். தேனீ அந்தப் பெரிய இதழில் வந்து அமர்ந்து உள்ளே நுழையும்போது மகரந்தம் அதன் முதுகில் தடவப்படுகிறது. இந்த மூன்றும் பொருந்தினால் சந்தேகம் வேண்டாம். அடுக்குச் சங்குப்பூ என்று ஐந்து இதழும் பெரிதாக ரோஜா போல விரியும் வகையில் இந்தத் தலைகீழ் அமைப்பு தெரியாது. இலையையும் காயையும் வைத்து அறியலாம். அடுக்குப் பூவில் இதழ் அதிகம் என்பதால் நிறம் எடுக்க அதுவே சிக்கனம்.

சாப்பிடுவதைப் பற்றி இனி பேசலாம். ‘நம் முன்னோர் அன்றாடம் அருந்திய பானம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். தமிழ்நாட்டுச் சமையலில் பூவுக்குக் குறைவே இல்லை: வேப்பம்பூ ரசம், வாழைப்பூ உசிலி, முருங்கைப்பூப் பொரியல், அகத்திப்பூ, ஆவாரம்பூ. ஆனால் இந்த வரிசையில் சங்குப்பூ இல்லை. மேலே சொன்ன பாட்டுகளில் அது பார்க்கும் பூ, பிறகு சாத்தும் பூ, வைத்தியரிடம் வேர். அடுப்படிக்குள் அதைக் கொண்டுவந்த பெருமை மலாய் மக்கள், பெரனாக்கான் எனப்படும் மலாய் நாட்டுச் சீன வம்சாவளியினர், தாய்லாந்து மக்கள் ஆகியோருடையது. அந்தப் பெருமையை அவர்களுக்கே விட்டுவிடுவதில் நமக்கு ஒரு குறைவும் இல்லை.

மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் நாசி கெராபு என்ற நீலச் சோறு உண்டு. அங்கே அது விசேஷ உணவுகூட இல்லை, காலையிலேயே கடையில் வாங்கிச் சாப்பிடுவது. சங்குப்பூச் சாற்றில் வேகவைத்த சோறு, பொடியாக நறுக்கிய பச்சிலைகள், வறுத்து இடித்த தேங்காய், மீன் அல்லது கோழி, உப்பு முட்டை, புளிக்கவைத்த மீன் குழம்பான பூடு. இதில் நீலத்துக்குச் சுவைப் பங்கு எதுவும் இல்லை. பினாங்கிலும் மலாக்காவிலும் பெரனாக்கான் வீடுகளில் செய்யும் புலுட் தாய் தாய் இன்னொன்று. பசை அரிசியைத் தேங்காய்ப் பாலும் உப்பும் சேர்த்து ஆவியில் வேகவைத்து, ஒரு பங்குக்கு மட்டும் நீலம் ஊட்டி, வெள்ளையோடு அங்கங்கே கலந்து, சட்டத்தில் அழுத்தித் துண்டு போட்டு, தேங்காய்ப் பாலும் முட்டையும் சர்க்கரையும் கிளறிய காயாவோடு உண்பது. முழுவதையும் நீலமாக்காமல் பாதியை வெள்ளையாக விட்டதில்தான் அழகு. மலேசியத் தமிழர்களுக்கு இவையெல்லாம் பழக்கமானவை. தாய்லாந்தில் பூச்சாற்றில் எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்த பானமும், சோ முவாங் என்ற பூ வடிவக் கொழுக்கட்டையும் பெயர்பெற்றவை. அந்தக் கொழுக்கட்டையின் ஊதா நிறம், நீலச் சாற்றில் சில துளி எலுமிச்சை விட்டு வரவழைப்பது. பர்மாவில் முழுப் பூவை மாவில் தோய்த்துப் பொரிக்கிறார்கள்.

இந்த நிறமாற்றம்தான் சங்குப்பூவின் உண்மையான சிறப்பு. இதழில் உள்ள நீலம் ஆந்தோசயனின் வகை. நாவல்பழத்திலும் ஊதா முட்டைக்கோஸிலும் உள்ள நிறமிகளின் உறவு. ஆனால் பெரும்பாலான ஆந்தோசயனின்கள் புளிப்பு இல்லாத இடத்தில் சீக்கிரம் வெளுத்துவிடும். சங்குப்பூவில் உள்ளவற்றுக்கு டெர்னாட்டின்கள் என்று பெயர். அவற்றின் மூலக்கூறில் நிறம் தரும் நடுப்பகுதியின் மேல் பக்கச் சங்கிலிகள் மடிந்து மூடிக்கொள்வதால் நீர் எளிதில் நெருங்கிக் கெடுப்பதில்லை. அதனால்தான் வெறும் தண்ணீரிலேயே நீலம் நீலமாக நிற்கிறது. இயற்கையான உணவு நீலம் கிடைப்பது மிக அரிது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2021இல் சங்குப்பூச் சாற்றை உணவு நிறமியாக அனுமதித்தது. 2025இல் அனுமதியை இன்னும் பல தின்பண்டங்களுக்கு விரித்தது. செயற்கைச் சாயங்களை விட்டு விலக விரும்பும் நிறுவனங்களுக்கு நீலம்தான் பெரிய தட்டுப்பாடு.

வீட்டில் செய்துபார்க்க ஒரு வழி சொல்கிறேன். காலை பத்து மணிக்குள் அன்று மலர்ந்த பூக்களைப் பறியுங்கள். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள். மாலையில் சுருளத் தொடங்கிவிடும். பூவின் அடியில் உள்ள பச்சைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு இதழை மட்டும் இழுத்தால் தனியாக வந்துவிடும். பச்சைப் பகுதியோடு போட்டால் சாற்றில் பச்சைப்பயறு ஊறிய நீரின் வாடை ஏறும். எறும்பு இருந்தால் உதறி, தண்ணீரில் ஒருமுறை அலசுங்கள். ஒரு குவளைக்கு ஐந்தாறு பூ போதும். கொதித்து இறக்கிய நீரை ஊற்றி மூடி வையுங்கள். முதலில் இதழ் விளிம்பிலிருந்து நீலம் நூல் நூலாக இறங்கும். ஐந்து நிமிடத்தில் நீர் முழுவதும் ஆழ்ந்த நீலமாகி, இதழ்கள் வெளிறிப்போய்க் கிடக்கும். வடிகட்டிவிடுங்கள். இதில் காஃபின் கிடையாது; தேயிலையே இல்லாததைத் தேநீர் என்பது வழக்கத்தால். தனியாகக் குடித்தால் சுவை மிக மெல்லியது, கொஞ்சம் புல் வாசம். இஞ்சியோ எலுமிச்சைப் புல்லோ சேர்த்தால்தான் குடிக்கத் தோன்றும்.

அந்த நீலத்தை மூன்று கிண்ணத்தில் பிரித்து, ஒன்றில் எலுமிச்சைச் சாறு விடுங்கள்: கண்ணெதிரே ஊதாவாகும், இன்னும் விட்டால் இளஞ்சிவப்பை நோக்கிப் போகும். ஒன்றில் ஆப்பசோடா ஒரு சிட்டிகை: பச்சை. ஒன்றை அப்படியே வையுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அமிலம், காரம் என்ற பாடத்தை இதைவிட அழகாகக் காட்ட முடியாது. எங்கள் தெருவில் ஆழ்துளைக் கிணற்று நீரில் கொதிக்கவைத்தால் தொடக்கத்திலேயே ஒரு பச்சைச் சாயல் தட்டுகிறது, அந்த நீரின் காரத்தன்மையால். நல்ல நீலம் வேண்டுமானால் குடிநீரில் செய்யுங்கள்.

இந்தக் குணம் தெரிந்தால் எந்தப் பதார்த்தத்தில் சேர்க்கலாம், எதில் வேண்டாம் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். இடியாப்பம் மிக நன்றாக அமையும். அரிசி மாவில் புளிப்பு இல்லை, வெந்நீர் விட்டுத்தான் பிசையப் போகிறோம். அந்த வெந்நீரைச் சங்குப்பூச் சாறாக்கிவிட்டால் போதும். தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் விட்டுச் சாப்பிடும்போது நீலத்தின் மேல் வெள்ளை இறங்குவது கண்ணுக்கே விருந்து. கொழுக்கட்டை மேல்மாவும் அப்படியே. தேங்காய்ச் சோறு செய்வதானால் ஒரு ஆழாக்கு அரிசிக்கு இருபத்தைந்து முப்பது பூவின் சாறு வேண்டியிருக்கும்; சோறு வெந்தபின் நிறம் தளர்ந்துவிடும் என்பதால் சாறு கறுப்பாகத் தெரியும் அளவுக்கு அடர்த்தியாக இருக்கட்டும். பால் கோவா, பால் பாயசம் ஆகியவற்றில் வெளிர் நீலம் கிடைக்கும். மஞ்சள்தூள் சேர்ந்தால் பச்சையாகிவிடும். இட்லி, தோசை மாவில் சேர்க்காதீர்கள். புளித்த மாவின் அமிலத்தில் நீலம் சாம்பல் கலந்த ஊதாவாக மங்கி, பார்க்கவே சாப்பிடப் பிடிக்காது. தயிர்ச் சோறும் அதே கதிதான். எலுமிச்சைச் சர்பத்துக்குச் சாற்றையும் சர்க்கரைப் பாகையும் முதலிலேயே கலந்து குளிரவைத்து, விருந்தினர் எதிரில் எலுமிச்சையைப் பிழியுங்கள்.

பச்சை இதழை அப்படியே சாலட்டிலும் கேக்கின் மேலும் தூவலாம். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. உங்கள் கொடியில் பறித்த பூவாக இருக்க வேண்டும். பூக்கடையில் வாங்கியதும் மாலையிலிருந்து உருவியதும் வேண்டாம். சாப்பிடுவதற்கென்று வளர்க்காத பூவில் என்ன மருந்து தெளித்தார்கள் என்பது விற்பவருக்கே தெரியாது. உங்கள் கொடியிலும் அசுவினி வந்தால் பீய்ச்சித் தண்ணீர் அடித்து விரட்டுங்கள், பூச்சிக்கொல்லி வேண்டாம்.

உடல்நலப் பேச்சுக்கு வருகிறேன். ஆந்தோசயனின் இருக்கிறது, ஆகவே ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் என்பது ஆய்வுக்குழாய் அளவில் உண்மை. நாவல்பழமும் கத்தரிக்காய்த் தோலும் அதைச் செய்கின்றன. சர்க்கரை நோய்க்கு நல்லது என்ற பேச்சுக்கு ஆதாரமாகக் காட்டப்படும் தாய்லாந்து ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. 15 ஆரோக்கியமான ஆண்களுக்குச் சர்க்கரைப் பானத்தோடு சங்குப்பூச் சாற்றுப் பொடியைக் கலந்து கொடுத்தபோது, வெறும் சர்க்கரைப் பானத்தைவிட ரத்தச் சர்க்கரை ஏற்றம் குறைவாக இருந்தது. சுவாரஸ்யமான முடிவு. ஆனால் அவர்கள் நோயாளிகள் அல்ல, அது நீண்ட கால ஆய்வும் அல்ல. மாத்திரையை நிறுத்திவிட்டு நீலத் தண்ணீர் குடிப்பதற்கு இது காரணமாகாது. முடி கருக்கும், முகம் பளபளக்கும் என்பவற்றுக்கு இந்த அளவு ஆதாரமும் இல்லை. தாய்லாந்தில் குழந்தைகளின் புருவத்தில் இந்தப் பூவைத் தேய்க்கும் வழக்கம் உண்டு; பார்க்க அழகான வழக்கம், அவ்வளவே.

மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் உலர்ந்த சங்குப்பூவை உணவாக அனுமதிக்கக் கேட்ட விண்ணப்பத்துக்கு ஆட்சேபம் தெரிவித்தது. காரணம் சைக்ளோடைடு என்ற வளைய வடிவச் சிறு புரதங்கள். தலையும் வாலும் இணைந்த வளையம் என்பதால் இவை கொதிநீரிலும் செரிமான நீரிலும் எளிதில் சிதைவதில்லை. சங்குப்பூக் கொடியின் பல உறுப்புகளில் இவை இருக்கின்றன. பூச்சிகள் கொடியைத் தின்னாமல் காப்பது இவற்றின் வேலை. ஆஸ்திரேலியாவில் இக்கொடியின் சாற்றிலிருந்து பருத்திக்குப் பூச்சி மருந்தே தயாரிக்கிறார்கள்.

கர்ப்பத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு இங்கேதான் பதில். சைக்ளோடைடு என்ற வகை முதலில் கவனத்துக்கு வந்ததே ஒரு பிரசவத் தேநீரால்தான். 1960களில் காங்கோவில் பணியாற்றிய நார்வே மருத்துவர் லோரென்ட்ஸ் கிரான், அங்குள்ள பெண்கள் பிரசவத்தை விரைவுபடுத்த ஒரு செடியைக் கொதிக்கவைத்துக் குடிப்பதைக் கண்டார். கருப்பையைச் சுருங்கவைத்த பொருளைப் பின்னர் பிரித்தெடுத்தபோது அது இந்த வளையப் புரதமாக இருந்தது. அந்தச் செடி வேறு, சங்குப்பூவில் உள்ள புரதங்கள் அதே வகையின் வேறு உறுப்பினர்கள், பூச்சாற்றால் அப்படி நேர்ந்தது என்று யாரும் நிறுவவில்லை. ஆனாலும் வெறும் நிறத்துக்காகச் சேர்க்கும் ஒன்றில் கர்ப்பமாக இருப்பவர் அந்தச் சந்தேகத்தைச் சுமக்க வேண்டிய தேவை என்ன? பிள்ளை பிறந்து பால்குடி மறக்கும்வரை உங்கள் மருமகள் அதைக் கண்ணால் ரசிக்கட்டும். ஆண்டுக்கு இரண்டு விசேஷத்தில் நீல இடியாப்பம் சாப்பிடும் மற்றவர்கள் இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. தினமும் மூன்று குவளை என்று மருந்து போலக் குடிப்பதைத்தான் நான் தடுப்பேன்.

மிஞ்சிய பூவை உலர்த்தி வைக்கலாம். இதழ்களை வெள்ளைத் துணியில் ஒட்டாமல் பரப்பி, நிழலில், காற்று வரும் இடத்தில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். வெயிலில் போட்டால் நீலம் வெளுக்கும். கையில் எடுத்தால் காகிதம் போல ஒலிக்க வேண்டும். துவண்டால் இன்னும் ஈரம் இருக்கிறது, பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத புட்டியில் அடைத்து அலமாரியின் இருட்டில் வையுங்கள்.

வெள்ளைச் சங்குப்பூவையும் இப்படிச் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வெள்ளையில் டெர்னாட்டின் இல்லை, ஆகவே சாறு நிறமற்றது. அடுப்படியில் அதற்கு வேலை கிடையாது. வைத்தியர்கள் அதன் வேரை விரும்புவார்கள், அது அவர்கள் பொறுப்பு.

கொடியைப் பொறுத்தவரை உங்களுக்குச் சிரமமே இராது. நல்ல வெயில், தண்ணீர் தேங்காத தொட்டி, ஏறுவதற்கு வலை இருந்தால் போதும். அவரைக் குடும்பம் என்பதால் வேர் முடிச்சுகளில் தங்கும் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுத்துவிடும். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால் இலை மட்டும் மண்டும். காய் விடாமல் பூக்களைத் தினமும் பறித்துவந்தால் பூப்பு நீடிக்கும். புதுக் கொடி வேண்டுமானால் முற்றிப் பழுப்பேறிய காயை வெடிப்பதற்கு முன் பறித்து விதையை எடுங்கள். விதைத்தோல் கடினம், உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாக உரசி, இரவு முழுவதும் ஊறவைத்து, உப்பிய விதைகளை மட்டும் ஊன்றுங்கள். ஒன்றரை இரண்டு மாதத்தில் பூ வந்துவிடும். ஊன்றியது போக மீதி விதைகளைப் பெயர் எழுதிய பொட்டலத்தில் கட்டி, சமையலறைக்கு வெளியே, பேரப்பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். பார்க்க அவை சிறு பயறு மாதிரிதான் இருக்கும், தின்றால் வயிற்றுப்போக்கு.